ஆரஞ்சு நூல் காப்பு

சுற்றிக்கொண்டே இருக்கும்வரை சொல்ல வேண்டியதில்லை என்பது மூன்றாவது குஞ்சத்திலேயே பூபதிக்குப் பிடிபட்டுவிட்டது. இடது கையில் முள்கரண்டி, வலது கையில் ஆரஞ்சு நிற உல்லன் நூல், கரண்டியின் பற்களைச் சுற்றிச் சுற்றிச் சுற்றி, நன்றாகத் தடித்ததும் நடுவில் ஒரு இழையை நுழைத்து இறுக்கி முடிச்சுப் போட்டு, இரண்டு ஓரத்தையும் கத்தரித்துவிட்டால் பொசுக்கென்று விரிந்து ஒரு குட்டி அரசாணிக்காய் பிறந்துவிடும். பிறந்ததும் தன்விகா அதைப் பிடுங்கிக் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பாள், தலையில் பச்சை நூலால் ஒரு காம்பு வைப்பாள், மற்றவற்றோடு வரிசையில் உட்கார வைப்பாள். அதற்குள் அடுத்ததைச் சுற்ற ஆரம்பித்துவிட வேண்டும். கை சும்மா இருந்தால் வாய் திறக்கும், வாய் திறந்தால் அந்த வாக்கியம் வெளியே வரும். வாக்கியம் ஒன்றும் பெரிதில்லை. அப்பா நாளைக்கு மஸ்கட்டுக்குப் போறேன். நாலே வார்த்தை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட எழுத்துக்கூட்டிப் படித்துவிடும். ஆனால் பூபதி அதைப் பத்து நாளாக மென்றுகொண்டிருக்கிறான். மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலை, படித்த சிவில் படிப்புக்கான வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம். மனைவி சுகந்திக்கு இங்கே, அயர்லாந்தில், லிமெரிக் நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் உத்தியோகம், அவள் பின்னால் பெட்டியையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்தவன் மூன்று வருஷமாகச் சூப்பர் மார்க்கெட்டில் ராத்திரி ஷிப்டில் அலமாரி அடுக்கிக்கொண்டிருந்தான். போகத்தான் வேண்டும், அதில் வாதாட ஒன்றுமில்லை, இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததுதான். டாக்ஸி நாளை விடிவதற்கு முன்னால் வந்துவிடும். "ஏனுங்க, அவங்க தூங்கறப்பவே கெளம்பிருங்க. எந்திரிச்சு அழுதா என்னால தாங்க முடியாதுங்க. காலைல நான் பக்குவமாச் சொல்லிக்கறேன்" என்று சுகந்தி சொன்னபோது அவன் சரி என்றுதான் சொன்னான். சரி என்று சொன்னவன், அவள் சனிக்கிழமை ஷிப்டுக்குக் கிளம்பிப் போனதும், இல்லை, இன்றைக்கே நானே சொல்லிவிடுவேன் என்று கண்ணாடியைப் பார்த்து வீரம் பேசிவிட்டு, இப்போது கூடத்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருக்கிறான்.

வெளியே மழை பெய்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு மழை. இந்த ஊரில் மழை அப்படித்தான், வந்தேன் என்றும் சொல்லாது போகிறேன் என்றும் சொல்லாது. பக்கத்து வீட்டு மரம் ஒரு வாரத்தில் மஞ்சளாகி, சிவப்பாகி, பாதி கொட்டிவிட்டது. இலையுதிர் காலம் என்கிற சொல்லை அவன் பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. சங்ககிரிப் பக்கம் அவர்கள் ஊரில் மரங்கள் தங்கள் சௌகரியத்துக்கு உதிர்க்கும், அதற்கெல்லாம் யாரும் தோரணம் கட்டியதில்லை, விளக்குமாறுதான் எடுத்தார்கள். இங்கே உதிர்கிற இலைக்கு ஒரு மரியாதை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் மாட்ட ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து நூலில் ஏதாவது செய்துகொண்டு வர வேண்டும் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். அட்டையை இலை மாதிரி வெட்டி, விளிம்பெல்லாம் சின்னச் சின்னதாக நறுக்குப் போட்டு, அந்த நறுக்குகளில் நூலை மாட்டி மாட்டிக் குறுக்கும் நெடுக்கும் இழுத்தால் இலை. அது மகன் நிதுலனின் இலாகா. ஒன்பது வயது, எதையும் சுத்தமாகச் செய்கிறவன், சோபாவில் சாய்ந்துகொண்டு தலை நிமிராமல் இலைக்கு மேல் இலையாகச் செய்து தள்ளுகிறான். எப்போதுமே அளந்து பேசுகிற பையன், கொஞ்ச நாளாக அதையும் குறைத்துவிட்டான். ஆறு வயது தன்விகா அவனுக்கும் சேர்த்துப் பேசுகிறாள். "அப்பா, இது பம்ப்கினா அரசாணிக்காயா?" "ரெண்டும் ஒண்ணுதான் சாமி." "அப்ப ஏன் ரெண்டு பேரு?" "உனக்குப் பாப்பான்னும் தன்வின்னும் ரெண்டு பேரு இல்லையா, அது மாதிரி." அவளுக்கு அது பிடித்துவிட்டது. ஒவ்வொரு காயையும் தூக்கி, பேர் வைத்து, ஒன்றுக்கு மட்டும் கறுப்பு நூலில் மீசை ஒட்டினாள். "இது நீங்க." பார்த்தால் அப்படியேதான் இருந்தது, குண்டாக, மிரள மிரள, மீசை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு.

இப்போது சொல்லலாம். சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட்டால் சிரிப்போடு சிரிப்பாகப் போய்விடும். "தன்வி" என்றான். "என்னுங்கப்பா?" என்று அவள் நிமிர்ந்தாள், மூக்கு நுனியில் ஒரு ஆரஞ்சு இழை. அவள் நிமிர்ந்ததில்தான் எல்லாம் கெட்டது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னவென்று ஆரம்பிப்பது, அப்பாவுக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கு என்றா, மஸ்கட்னு ஒரு ஊரு இருக்கு, அங்க ஒட்டகமெல்லாம் இருக்கும் என்றா, ஒட்டகத்தில் ஆரம்பித்தால் நாங்களும் வருவோம் என்பாள், வேலையில் ஆரம்பித்தால் இங்கதான் வேல இருக்குதே என்பாள், நேராகப் போறேன் என்றால், போறேன் என்று சொல்லக் கூடாது, போயிட்டு வரேன் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் போயிட்டு வரேன் என்று கடைக்குப் போகும்போதும் சொல்கிறோம், இரண்டு வருஷத்துக்கும் அதையேதான் சொல்ல வேண்டியிருக்கிறது. "பசை எங்க?" என்று கேட்டான். "உங்க முட்டிக்குக் கீழ" என்றாள் அவள். எடுத்துப் பார்த்தால் மூடி திறந்திருந்து பேண்ட்டெல்லாம் ஒட்டியிருந்தது. நாளைக்குப் போட்டுக்கொண்டு போக எடுத்து வைத்திருந்த பேண்ட் அது, காலையில் மறந்துபோய் மாட்டிக்கொண்டிருக்கிறான். ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டே அவனுக்கு லாரன்ஸ் ஞாபகம் வந்தது. கோயமுத்தூரில் முதல் வேலையில் பக்கத்து மேஜைக்காரன், சவுதிக்குப் போய் முதல் விடுமுறைக்கு வந்தபோது, வாசலில் நின்றவனைப் பார்த்துவிட்டு அவன் மகள் உள்ளே ஓடிப் போய், "அம்மா, போன் அப்பா வந்திருக்காங்க" என்றாளாம். லாரன்ஸ் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆபீஸே சிரித்தது. பூபதியும் சிரித்தான், அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை, சிரிக்க என்ன கஷ்டம். இப்போது ராத்திரியில் தூக்கம் கலைந்தால் அந்த வார்த்தைதான் முதலில் வந்து நிற்கிறது. போன் அப்பா. அழுவார்கள் என்பது ஒரு பயம். அழாமல் பழகிவிடுவார்கள் என்பது அதைவிடப் பெரிய பயம், அதை அவன் சுகந்தியிடம்கூடச் சொல்லவில்லை.

ஆரஞ்சு நூல் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது, இலைகளுக்கு மஞ்சள் வேண்டும் என்றான் நிதுலன். மஞ்சள் நூல் உருண்டையாக வரவில்லை, பெரிய வளையமாக, சிட்டமாகத்தான் வந்திருந்தது, அதைக் கண்டாகச் சுற்றினால்தான் சிக்காமல் வரும். ஒருவர் இரண்டு கையையும் நீட்டி அதை மாட்டிக்கொள்ள, இன்னொருவர் நுனியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். பூபதி கையை நீட்டினான், தன்விகா இரண்டு மணிக்கட்டிலும் வளையத்தை மாட்டிவிட்டு எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தாள். நூல் ஒரு கையிலிருந்து மறு கைக்கு வழுக்கி வழுக்கி ஓடியது. கூச்சமாக, கதகதப்பாக இருந்தது. இரண்டு கையும் கட்டுப்பட்டுவிட்டதால் அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை, ஒன்றும் செய்ய முடியாததில் ஒரு நிம்மதி இருந்தது. மணிக்கட்டில் மஞ்சள். எங்கோ பார்த்த மஞ்சள், எங்கோ என்ன எங்கோ, அவன் கையிலேயே பார்த்ததுதான், மஞ்சள் கிழங்கு கட்டிய நூல், வேப்பிலை செருகியது, குளித்தால் நனைந்து, காய்ந்து, தோலில் கறை விட்டு. என்ன மாதம் இது, அக்டோபர் கடைசி என்றால் ஐப்பசி. ஐப்பசி என்றால் ஊரில் மாரியம்மன் நோம்பி, திருவிழாக் காலம். "இது மாதிரிதான் எங்க ஊர்ல காப்புக் கட்டுவாங்க" என்று வாய் தானாகப் பேசிவிட்டது. சொல்ல வேண்டியதைச் சொல்ல வராத வாய், இதற்கு மட்டும் எங்கிருந்துதான் திறந்ததோ.

"காப்புன்னா?" "சாமிக்கு நோம்பி சாட்டுனதும் கையில மஞ்சக் கயிறு கட்டிவிடுவாங்க. கட்டிட்டா நோம்பி முடியற வரைக்கும் ஊரத் தாண்டிப் போய்த் தங்கக் கூடாது. அவசரம்னு போனாக்கூட ராத்திரிக்குள்ள திரும்பி வந்துரணும்." "வரலைன்னா?" "சாமி கண்ணக் குத்திரும்." தன்விகா சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை ஒருமுறை கசக்கிக்கொண்டாள். "யாருக்கெல்லாம் கட்டுவாங்க?" "வேண்டிக்கிட்டவங்க எல்லாருக்கும். உங்க அப்பாருக்குக்கூட." அப்பாரு என்றால் பூபதியின் அப்பா, இப்போது முட்டி வலியோடு வீட்டில் உட்கார்ந்து வீடியோ காலில் கை ஆட்டுகிறவர், அப்போது லாரி ஓட்டினார். நாக்பூர், குவாலியர், இந்தூர் என்று மாதக் கணக்கில் போனவர். "வருஷம் பூரா வீட்டுல இருக்க மாட்டாரு. நோம்பிக்கு மட்டும் வந்து காப்புக் கட்டிக்குவாரு. கட்டிட்டா எங்கயும் போக முடியாதல்ல? லாரிய வீட்டு முன்னால நிறுத்திட்டு எங்க கூடவே இருப்பாரு. கேபின்ல எங்களை ஏத்தி ஆரன் அடிக்க விடுவாரு. கயிறு கட்டுன கையாலயே முட்டை தோசை சுட்டுக் கொடுப்பாரு." "நோம்பில முட்டையா?" என்று நிதுலன் அங்கிருந்தே கேட்டான். அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதே பூபதிக்கு அப்போதுதான் தெரிந்தது. அட, ஆமாம், விரத நாளில் முட்டை ஏது, வெறும் தோசையாகத்தான் இருந்திருக்க வேண்டும். இத்தனை வருஷமாக மனசில் முட்டை தோசையாகவே இருந்து வந்திருக்கிறது. "வெறும் தோசைதான். அப்பாவுக்கு ருசி மறந்துபோச்சு." "அப்பறம்?" என்றாள் தன்விகா. "அப்பறம் என்ன, நோம்பி முடியும், அவுத்துக் கெணத்துல விட்டுருவாங்க. அவ்ளோதான்."

அவ்வளவுதானா. ஒரு வருஷம் நோம்பி முடியவில்லை. கயிறு கையில் இருக்கும்போதே லாரி ஓனர் ஆள் அனுப்பினார், வேறு டிரைவர் கிடைக்கவில்லை, சரக்கு அழுகிவிடும் என்று. அது பூபதிக்குத் தெரியாது, பிறகு அம்மா சொன்னது. அவனுக்குத் தெரிந்தது மறுநாள் காலை மட்டும்தான். கண் விழித்தபோது கண்ணாடி மாட்டுகிற ஆணியில் அந்த மஞ்சள் கயிறு தொங்கியது. வேப்பிலை வாடி, வெட்டிய நுனி பிரிந்து. வெளியே ஓடினான். ராத்திரி முழுக்க மழை பெய்து தெருவெல்லாம் சேறு, லாரி நின்ற இடம் மட்டும் நீள்சதுரமாகக் காய்ந்து கிடந்தது. மழை முடிகிறவரை அப்பா இங்கேதான் இருந்திருக்கிறார், அப்படியானால் இப்போதுதான் போயிருக்கிறார், நான் கொஞ்சம் முன்னால் எழுந்திருந்தால், இல்லை, யாராவது எழுப்பியிருந்தால். அந்தக் காய்ந்த இடத்தில் போய் நின்றான். தூற்றல் விழுந்து ஓரத்திலிருந்து நனைந்துகொண்டே வந்தது, அவன் காலடி வரைக்கும் வந்தது, அப்புறம் இடமே தெரியவில்லை. அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாமி கண்ணைக் குத்தவில்லை. போன மாதிரியே திரும்பி வந்தார், ஒரு கூடை நாக்பூர் ஆரஞ்சு கொண்டுவந்தார், உரித்து உரித்துக் கொடுத்தார், அக்கா சாப்பிட்டாள், அவன் தொடவில்லை. ஆரஞ்சு பிடிக்காது என்றான். இன்றுவரை வீட்டில் எல்லோரும் பூபதிக்கு ஆரஞ்சு பிடிக்காது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், கட்டிக்கொண்ட சுகந்தி உட்பட. போனதற்குக் கோபமில்லை அப்பா. லாரிக்காரன் மகன், போவீர்கள் என்று தெரியாதா எனக்கு. தூங்கும்போது போனீர்களே. அன்று அந்தக் காய்ந்த இடத்தில் நின்றவனே இப்போது அதே காரியத்தைச் செய்யப் போகிறான். விடியும் முன்னால், பூனை மாதிரி, பிள்ளைகள் அறைக் கதவைத் தாண்டி, படிக்கட்டில் மூன்றாவது படி கிறீச்சிடும் என்று அதை மிதிக்காமல். மூன்றாவது படியை மிதிக்கக் கூடாது என்று நேற்று ராத்திரியே யோசித்து வைத்துவிட்டான், அதை நினைத்தால்தான் தன்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

"அப்பா, முடிஞ்சுது" என்றாள் தன்விகா. மஞ்சள் முழுக்கக் கண்டாகி அவள் மடியில் இருந்தது. அவன் கைகள் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. ஜன்னலில் வெளிச்சம் மங்கிவிட்டது. கையை மடக்கப் போனான். "இருங்க, அப்படியே இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஆரஞ்சு உருண்டையை எடுத்தாள். நுனியை அவன் வலது மணிக்கட்டில் ஒரு சுற்று, இரண்டு சுற்று, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஷூ லேஸ் கட்டப் பழகிய அதே முடிச்சு, அதன் மேல் இன்னொரு முடிச்சு, அதற்கும் மேல் ஒன்று. "மஞ்சள்தான கட்டணும்?" என்றான் சிரித்தபடி. "மஞ்சள் அண்ணனுக்கு இலைக்கு வேணும். இதுதான் இருக்கு." முடிச்சை இழுத்துப் பார்த்தாள். "காப்புக் கட்டியாச்சு. இனிமே போகக் கூடாது." "எங்க சாமி?" என்று கேட்டான், கேட்கும்போதே உடம்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. "மஸ்கட்டுக்கு" என்றாள்.

நிதுலன் கையில் இருந்த இலையைக் கீழே வைத்தான். "எங்களுக்குத் தெரியும்ப்பா." ரொம்பத் தாழ்ந்த குரலில், தப்புச் செய்தவன் அவன்தான் என்பது மாதிரி. "நீங்களும் அம்மாவும் சமையல்கட்டுல பேசுனீங்க." "அது..." "தமிழ்லதான் பேசுனீங்க. எங்களுக்குத் தமிழ் புரியும்." ஊரில் பிள்ளைகளுக்குத் தெரியாமல் ரகசியம் பேச அப்பா அம்மாக்கள் இங்கிலீஷுக்குத் தாவுவார்கள். இந்த வீட்டில் பிள்ளைகள் இங்கிலீஷில் விளையாடுவதையே கேட்டுக் கேட்டு, தமிழில், அதிலும் அசல் ஊர்ப் பேச்சில் பேசினால் பத்திரம் என்று புருஷனும் பெண்டாட்டியும் கதவைக்கூடச் சாத்தாமல் எல்லாவற்றையும் பேசித் தீர்த்திருக்கிறார்கள். தோசைக்கும் தூக்கத்துக்கும் தமிழில் கூப்பிட்டு வளர்த்த பிள்ளைகளுக்குத் தமிழ் புரியாது என்று நினைத்த இரண்டு மேதாவிகள். "ஹூக்ல உங்க பெரிய கோட்டும் இல்ல" என்றான் நிதுலன். "அங்க வெயிலா இருக்கும், வேண்டாம்னு பைல போட்டுக் கட்டிட்டீங்க." பூபதி வாயைத் திறந்தான். இந்தத் தடவை பசையைப் பற்றிக் கேட்கவில்லை. "ஆமா சாமி. அப்பா நாளைக்கு மஸ்கட்டுக்குப் போறேன்." பத்து நாள் தொண்டையில் நின்ற வாக்கியம், இவ்வளவு சின்னதாகத்தான் இருந்தது.

தன்விகா அழவில்லை. யோசித்தாள். "சரி, போங்க. ராத்திரிக்குள்ள வந்துருங்க. அப்படி வரலாம்னு சொன்னீங்கல்ல?" அவன் பொய் சொல்லியிருக்கலாம். வந்துடறேன் கண்ணு என்று சொல்லியிருந்தால் இன்றைய பொழுது நல்லபடியாகக் கழிந்திருக்கும். நாளைய பொழுதைச் சுகந்தி பார்த்துக்கொள்வாள். "ராத்திரிக்குள்ள வர முடியாது அம்மிணி. ரொம்ப நாளாகும். அடுத்த வருஷம் ஒரு தடவ லீவுல வருவேன். அப்பறம் மறுபடியும் போயி, அப்பறம்தான் மொத்தமா வருவேன்." அவள் முகம் மாறியது. சட்டென்று அவன் கையைப் பிடித்து இழுத்து அந்த முடிச்சைப் பிரிக்கத் தொடங்கினாள். நகத்தால், பிறகு பல்லால். "என்ன சாமி, எதுக்கு அவுக்கற?" "கட்டிட்டுப் போனா சாமி கண்ணக் குத்தும். உங்க கண்ணு. எனக்கு அவுக்க வரல, அண்ணா, அவுக்க வரல, கத்தரிக்கோல் குடு." இப்போதுதான் அழுதாள். அவன் போவதற்கு அல்ல, அவன் கண்ணுக்காக. பூபதி அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டான். குஞ்சங்கள் நாலு பக்கமும் உருண்டன. "அவுக்க வேண்டாம். குத்தாது. அப்பாருக்கும் குத்தல, அவரு நல்லாத்தான இருக்காரு? இந்தச் சாமிக்கு நம்மளத் தெரியும்." அவன் குரல் அவனுக்கே கேட்கச் சகிக்கவில்லை, உடைந்து, மூக்கடைத்து. அழக் கூடாது என்று நினைத்தான், பிறகு எதற்காகக் கூடாது என்று விட்டுவிட்டான்.

"டாக்ஸி நாலு மணிக்குத்தானே?" என்று கேட்டான் நிதுலன். சோபாவை விட்டு இறங்கவில்லை, கிட்டே வரவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "ஆமா." "நான் அலாரம் வெச்சிருக்கேன். மூணரைக்கு." பூபதிக்குப் புரியவில்லை. "எதுக்குடா?" "அம்மா எழுப்ப வேண்டாம்னு சொன்னாங்கல்ல? அதான். தலகாணிக்கு அடியில வெச்சிருக்கேன், உங்களுக்குக் கேக்காது. எந்திரிச்சு ஜன்னல்ல நின்னு பாத்துட்டு மறுபடியும் படுத்துக்கலாம்னு..." நிதுலனுக்குக் காது சிவந்துவிட்டது. பூபதி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரையும் சங்கடப்படுத்தாமல், ஒருவருக்கும் தெரியாமல், இருட்டில் ஜன்னலோரம் நின்று அப்பா போவதைப் பார்க்க ஒன்பது வயசில் ஒருத்தன் தனியாகத் திட்டம் போட்டு வைத்திருக்கிறான். அந்தக் காலையில் சேற்றில் நின்ற பையனுக்கு இருந்ததைவிட இவனுக்குச் சாமர்த்தியம் அதிகம். ஆனால் அதே பையன்தான். "இங்க வா" என்றான். வந்தான். நெருங்கி வந்ததும் ஒன்பது வயசு எங்கேயோ போய்விட்டது, தங்கச்சிக்குப் பக்கத்தில் இன்னொரு முட்டியில் உட்கார்ந்து தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "அலாரம் வேண்டாம். நானே வந்து எழுப்பறேன். ரெண்டு பேரையும் எழுப்பி, பால் காய்ச்சிக் குடிச்சிட்டு, டாக்ஸி வரைக்கும் கூட வந்து அனுப்பிவிடுங்க. கோட்டு போட்டுட்டு வரணும், குளிரும்." "சத்தியமா?" "சத்தியமா." "மறந்துட்டா?" என்றாள் தன்விகா, கண்ணீரும் மூக்குமாக. அவளுக்குச் சத்தியத்தில் அவ்வளவு நம்பிக்கையில்லை. மறந்துவிட்டு வருகிற ஆள் என்று அவனை நன்றாகத் தெரியும், போன வாரம் பால் வாங்கப் போய்ப் பால் இல்லாமல் வந்தவன்.

அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அவன் மணிக்கட்டில் கட்டிய ஆரஞ்சு நூலை அவள் வெட்டவே இல்லையே. உருண்டை அதன் மறுமுனையில் அப்படியே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு எழுந்தாள், மூக்கைக் கையால் துடைத்தாள், "நீங்க நகரக் கூடாது" என்றாள், உருட்டிவிட்டுக்கொண்டே கூடத்தைத் தாண்டி, நடையைத் தாண்டி, படியேறிப் போனாள். மூன்றாவது படி கிறீச்சிட்டது. "நூலு பத்துதாப்பா?" என்று மேலிருந்து கத்தினாள். "பத்துது!" நிதுலன் எழுந்து போய்ப் படிக்கட்டு வளைவில் நூல் சிக்காமல் தூக்கிப் பிடித்தான். அவனுக்கு எதுவும் சுத்தமாக இருக்க வேண்டும். "என் கையில கட்டிக்கறேன். நீங்க எந்திரிச்சா எனக்குத் தெரிஞ்சிரும். படுத்துப் பாக்கறேன், இருங்க!" பூபதி கையை முன்னால் நீட்டியபடி, சிதறிக் கிடக்கிற அரசாணிக்காய்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். வலித்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. நாளைக்கு ஏர்போர்ட்டில் இந்தக் கையை நீட்டும்போது இந்த நூலைப் பார்த்து என்ன கேட்பார்கள், என்ன சொல்வது, ஒன்றும் சொல்ல வேண்டாம், கேட்கட்டும்.

கதவு திறந்து சுகந்தி வந்தாள். கோட்டெல்லாம் மழை, முகத்தில் நாள் முழுக்க நின்ற களைப்பு. விளக்குப் போடாத வீட்டையும் தரையெல்லாம் நூலையும் பார்த்தாள். "என்னங்க கூத்து இது?" "காலப் பாத்து வை, நூலு." அவள் குனிந்து பார்த்தாள், கணுக்கால் உயரத்தில் நடையின் குறுக்கே போகிற ஆரஞ்சு இழையை, அது ஏறிப்போகிற படிக்கட்டை, வளைவில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற மகனை, பிறகு அவன் மணிக்கட்டை, பிறகு அவன் கண்ணை. "சொல்லிட்டீங்களா?" "அவங்கதான் எனக்குச் சொன்னாங்க." அவள் ஷூவைக் கழற்றிவிட்டு, புடவை கட்டியவள் போல ஒரு கையால் கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நூலைத் தாண்டி வந்து, அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "காலைல பாலுக்கு நாலு டம்ளர் வைக்கணும்" என்று பூபதி சொன்னான். "வெச்சாப் போச்சு" என்றாள்.

மணிக்கட்டில் நூல் வெடுக்கென்று இழுபட்டது. ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை.

"அப்பா, தெரியுதா?"

"தெரியுது சாமி" என்று சொல்லி, அவனும் மெதுவாக ஒரு தடவை இழுத்துவிட்டான்.